பழைய பிளாக் முனி

மதுரை
ஆனி 5

அன்புள்ள மாப்பிள்ளை செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. உன் கல்லூரிப் பழைய பிளாக்கில் முனி இருக்கிறது என்று பிள்ளைகள் பேசும் சங்கதிதான் மனசை விட்டுப் போகவில்லை. அவர்களை அதட்டி அடக்கிவிடாதே. அவர்கள் சொல்வதில் நேரம் துல்லியமாக இருக்கிறது. லீவு முடிந்து திறந்த வாரம் பிண வாடை. கரண்ட் போனால் கடைசி அறையில் தலைசுற்றல். ஐப்பசி மழையில் சுவரில் முகம். எனக்கு இவை மூன்றும் வேறு வேறு கோளாறாகத் தெரிகின்றன.

வாடை வருவது பழைய லேப் தரையில் தண்ணீர் வடிகிற துளைக்குக் கீழே இருக்கும் நானி டிராப்பிலிருந்து என்று நினைக்கிறேன். அதற்குள் இரண்டு அங்குலத் தண்ணீர் நின்றால்தான் சாக்கடைக் காற்று மேலே ஏறாது. ஒன்றரை மாதம் பூட்டிக் கிடந்தால் நம்மூர் வெயிலுக்கு அது வற்றிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்று, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடு; சீக்கிரம் ஆவியாகாது. ஊற்றிய பிறகும் தண்ணீர் நிற்கவில்லை என்றால் டிராப்பில் விரிசல் இருக்கலாம். இல்லாவிட்டால் சாக்கடைக் குழாயின் காற்றுக் குழாய் அடைத்து, மாடியில் தண்ணீர் திறந்துவிடும்போது டிராப்பில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். வாடையை உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்காதே. கொஞ்ச நேரத்தில் மூக்குப் பழகிவிடும், தலைவலி மட்டும் மிஞ்சும். வெளியிலிருந்து அப்போதுதான் வருகிறவரைக் கேள்.

தலைசுற்றல்தான் அவசரம். கரண்ட் போன நேரத்தில் என்றால் ஜெனரேட்டர் புகையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். புகைக்குழாய் வாய் அந்த அறை ஜன்னலைப் பார்த்து இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பார். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். 1921இல் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். வீட்டில் காலடிச் சத்தம், யாரோ நிற்பது போன்ற பயம். கடைசியில் பார்த்தால் கணப்பு அடுப்பின் புகை வீட்டுக்குள் கசிந்திருக்கிறது. குழாய் உயரத்துக்கு விதி உண்டு: ஜெனரேட்டர் இருக்கும் கட்டடத்தின் உயரத்தோடு, ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கி வரும் மீட்டரைக் கூட்ட வேண்டும். 100 கேவிஏ என்றால் கட்டடத்துக்கு மேலே 2 மீட்டர். அதைச் செய்து முடிக்கும்வரை அந்த அறையில் வகுப்பு வேண்டாம்.

சுவர் முகம் ஈரம்தான். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சுவர் மூச்சுவிட வழியில்லை. ஈரம் கண்ட இடத்தில் உடைத்துக்கொண்டு உப்பாகப் பூக்கிறது. அதன் ஓரங்கள்தான் கண்ணும் வாயுமாகத் தெரியும். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடு. தாளுக்கு உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றில் இருக்கிறது. கறை தரையிலிருந்து மூன்றடி வரை என்றால் வெளியே சுவரோரம் குவித்த பூச்செடி மண்ணை எடு. மேலிருந்து இறங்கினால் மொட்டைமாடித் தட்டோடு இடுக்கையும், வேப்பிலை அடைத்த மழைநீர்க் குழாயையும் பார். மறுபடி பெயிண்ட் அடித்து மறைத்தால் அடுத்த ஐப்பசிக்கு முகம் இன்னும் பெரிதாக வரும். சிமெண்ட் பூச்சைக் கறைக்கு மேல் ஓரடி வரை கொத்திவிட்டுச் சுண்ணாம்பே பூசச் சொல். மழைக்கு முன் காய்வதற்கு இப்போது ஆரம்பித்தால்தான் சரி. கறுப்பாகப் பூஞ்சை இருந்தால் காய்ந்த விளக்குமாறு படக்கூடாது. நனைத்து, முகத்தில் மாஸ்க் கட்டித் துடைக்க வேண்டும். மூச்சிளைப்பு உள்ள பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதே.

பாண்டி முனீஸ்வரர் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைக்கப் பிள்ளைகள் ஆசைப்பட்டால் தடுக்காதே, கூடவே நீயும் போ. வாட்ச்மேனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, யாருக்கு, எந்த அறையில், எத்தனை மணிக்கு, கரண்ட் இருந்ததா, மழை பெய்ததா, வெளியே வந்ததும் சரியானதா என்று எழுதி வைக்கச் சொல். வாளித் தண்ணீர் ஊற்றிய மறுநாள் வாடை எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
முருகேசன்