கம்பசுக்குப் போகுமுன் ஒரு குப்பி வகுப்பு: திருகோணமலை அரசாங்க அதிபருக்கு ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

விடயம்: பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் எங்கள் மாவட்ட மாணவர்களுக்கு, பதிவுக்கு முந்திய மாதங்களில் பிரதேச செயலக மட்டத்தில் ஆங்கில, கணினி முன்பயிற்சி வகுப்புகள் நடத்த ஒழுங்கு செய்து தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

மூதூர், வெருகல், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் ஆகிய பிரதேசங்களைச் சேர்ந்த நாங்கள் இந்த மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கிறோம். எங்களில் சிலர் அரச பல்கலைக்கழகங்களில் படித்து முடித்தவர்கள், சிலர் இறுதி வருடத்தில் இருப்பவர்கள். எல்லோருக்காகவும் நான் எழுதுகிறேன். என் ஊர் மூதூர்ப் பக்கம். அப்பாவுக்கு மீன்பிடித் தொழில். உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதி, விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகி, சென்ற வருடம் படிப்பை முடித்தேன்.

முதலாம் வருடத்தில் நான் எழுதிய கொப்பி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் 'ஒஸ்மோசிஸ்' என்று தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே 'செமி' என்று ஒரு சொல், பிறகு வெற்றிடம், பிறகு 'மெம்ப்ரேன்'. நடுவில் லெக்சரர் சொன்னது என் காதில் விழவில்லை. ஒரு மணி நேர லெக்சரில் காதில் விழுந்த சத்தங்களையெல்லாம் இப்படியே ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். அன்று இரவு விடுதியில் ஒரு சீனியர் அக்கா அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தார். "பிள்ளை, இது பிரசாரணம்தானே. உருளைக்கிழங்குத் துண்டைச் சீனிக் கரைசலில போட்டு நீளம் அளந்திருப்பீங்களே" என்றார். அளந்திருக்கிறேன். ஊரில் எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் நான்கு தடவை அளந்திருக்கிறேன். உயர்தரத்தில் உயிரியலுக்கு எனக்கு ஏ. அன்று இரவு நான் அழுதேன். நன்றாகத் தெரிந்த பாடம் ஒரே நாளில் தெரியாத பாடமாகப் போய்விட்டதே என்ற அழுகை அது.

கிண்ணியாவிலிருந்து முகாமைத்துவம் படிக்கப் போன தம்பி ஒருவரும் இதே கதையைத்தான் சொல்கிறார். பரீட்சை மீதி, ஐந்தொகை, பெறுமானத் தேய்வு எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஊரில் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். பல்கலைக்கழகத்தில் வினாத்தாளை ஆங்கிலத்தில் பார்த்ததும், எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி நேரம் போய்விட்டது. அந்தப் பாடத்தில் தவறியதால் மறுபடி பரீட்சை எழுத, அதாவது ரிப்பீட் செய்ய, வந்தது. அவருடைய பீடத்தில் ரிப்பீட் எழுதினால், எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சி-க்கு மேல் கொடுப்பதில்லை. முதல் ஆறு மாதத்தில் விழுந்த அந்த அடி இறுதி வருடத்தில் பட்டத்தின் தரமான வகுப்புச் சித்தி கணக்கிடும்போதும் கூடவே வந்து நின்றது.

நாங்கள் படித்த பல்கலைக்கழகங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆங்கிலத்தில் படிப்பது பிழை என்றும் சொல்லவில்லை. இன்று என்னால் ஓர் ஆங்கில ஆய்வுக் கட்டுரையை எடுத்து வைத்துப் படிக்க முடிகிறது என்றால் அது அந்த நான்கு வருடங்கள் தந்ததுதான். எங்கள் கவலை அந்த முதல் ஆறு மாதத்தைப் பற்றியது.

எங்கள் பிள்ளைகள் எப்படித் தெரிவாகிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் நாடு தழுவிய திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், மிகுதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. அதாவது எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வசதிகள் குறைவு என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்டு, அதற்காக இடம் தருகிறது. அந்த இடத்துக்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். ஆனால் பதிவு நாளன்று கொழும்பிலும் கண்டியிலும் ஆங்கில மொழி மூலம் படித்து வந்த பிள்ளையும் வெருகலிலிருந்து வந்த பிள்ளையும் ஒரே வாங்கில் உட்காருகிறார்கள். வசதி குறைவு என்று ஏற்றுக்கொண்ட அதே பிள்ளைக்கு அந்த வாங்கில் உட்காரும்வரை எந்த உதவியும் கிடைத்திருக்காது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் இருக்கிறதுதான். பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் இசட் புள்ளியில் அது சேர்வதில்லை என்பதால், மூன்று பிரதான பாடங்களோடு போராடுகிற பிள்ளை அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறது. அதற்காகப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

எங்களைக் காப்பாற்றியது குப்பிதான். பல்கலைக்கழகம் போன எவருக்கும் இந்தச் சொல் தெரியும். பரீட்சை நெருங்கும்போது சீனியர் ஒருவர் இரவில் விடுதி மண்டபத்தில் ஜூனியர்களை இருத்தி வைத்து, லெக்சரில் சொன்னதைத் தாய்மொழியில் விளங்கப்படுத்துவார். காசு வாங்குவதில்லை. தன்னுடைய பரீட்சையையும் வைத்துக்கொண்டுதான் சொல்லிக் கொடுப்பார். நான் மேலே சொன்ன அக்கா மூன்று மாதம் எங்களுக்குக் குப்பி எடுத்தார். ஒரு பக்கம் தமிழ்ச் சொல், மறுபக்கம் ஆங்கிலச் சொல் என்று அவர் கையால் எழுதித் தந்த பட்டியலை நாங்கள் ஃபோட்டோகொப்பி எடுத்து வைத்துக்கொண்டோம். அந்தத் தாள்கள் இல்லாவிட்டால் நான் பட்டம் பெற்றிருக்க மாட்டேன்.

அப்படியானால் குப்பியே போதுமே என்று தோன்றலாம். போதாது. விடுதி கிடைக்காமல் வெளியே போர்டிங்கில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு இரவு பத்து மணிக்கு நடக்கும் குப்பிக்கு வர முடிவதில்லை. அதைவிடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது, பலர் இதை வெளியே சொல்லத் தயங்குவார்கள். புதிய மாணவர்களைச் சீனியர்கள் துன்புறுத்தும் பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆனாலும் பகிடிவதைக்கு உடன்படாத பிள்ளையை ஒதுக்கி வைக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குக் குப்பி கிடையாது, பழைய வினாத்தாள் கிடையாது, நோட்ஸ் கிடையாது. எங்களோடு படித்த ஒரு தோழி துணிச்சலாக "மாட்டேன்" என்று சொன்னார். முதல் செமஸ்டர் முழுவதும் தனியே படித்தார். இரண்டு பாடங்களை ரிப்பீட் செய்தார். ஆங்கிலச் சொற்களுக்கு அவர் இன்னொருவர் தயவில் நிற்க வேண்டியிராவிட்டால் அந்தத் துணிச்சலுக்கு அவ்வளவு விலை கொடுத்திருக்க மாட்டார். ஊரிலேயே கொஞ்சம் ஆயத்தமாகிப் போகிற பிள்ளைக்கு "மாட்டேன்" என்று சொல்வதும் கொஞ்சம் இலகுவாகும் என்று நாங்கள் நம்புகிறோம்.

ஆயத்தமாவதற்கு நேரமும் இருக்கிறது. உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, பல்கலைக்கழகத் தெரிவுக்கான வெட்டுப்புள்ளி வந்து, பதிவு முடிந்து, முதல் லெக்சருக்குப் போய் உட்கார மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் காலத்தில் ஆண் பிள்ளைகள் கடைகளில் வேலைக்குப் போகிறார்கள், பெண் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் திருகோணமலை நகரத்தில் தனியார் ஆங்கில வகுப்புக்குப் போகிறார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு 'பாதை' என்கிற மிதவைப் படகில் நீரைக் கடந்து நகரத்துக்கு வருகிற அந்தப் பழைய சிரமம் இல்லைதான். ஆனாலும் வெருகல் பக்கத்து ஈச்சிலம்பற்றுப் பிள்ளை பின்னேர வகுப்பு முடிந்து வீடு போய்ச் சேர்வது எப்படி? வகுப்புக் காசும் பஸ் காசும் சேர்ந்தால் கடலை நம்பி இருக்கிற ஒரு வீட்டுக்கு அது தாங்காது.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த யோசனையல்ல. 1980களில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களுக்கு, உள்ளே போவதற்கு முன்பே, நாட்டின் பல பாகங்களிலும் ஆங்கிலப் பயிற்சி வகுப்புகள் நடந்தன. ஜெல்ட் வகுப்பு என்று அந்தக் காலத்து ஆசிரியர்கள் இன்றும் சொல்வார்கள். அப்படி ஒன்றை எங்கள் மாவட்டத்தில் தங்கள் தலைமையில் ஆரம்பிக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை என்று நினைக்கிறோம். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. சனி, ஞாயிறில் அவற்றின் மண்டபங்களைத் திறந்துவிட்டால் வகுப்பறை தயார். பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகக் கடமையாற்றும் பலர் பட்டதாரிகள். விஞ்ஞானம், வர்த்தகம், ஆங்கிலம் படித்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்களை இந்த வகுப்புகளுக்குப் பொறுப்பாக்கி, அந்த இரண்டு நாளுக்குப் பதிலாக வேறு நாளில் விடுமுறை கொடுக்கலாம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. தங்கள் கடிதம் ஒன்று போனால் அங்குள்ள பிரயோக விஞ்ஞான, வணிகக் கற்கை மாணவர்களும் சொல்லிக் கொடுக்க முன்வருவார்கள். கந்தளாய், கோமரங்கடவல பக்கத்தில் சிங்கள மொழி மூலம் படித்த பிள்ளைகளுக்கும் இதே கஷ்டம்தான் என்பதைக் கூடப் படித்தபோது கண்டோம். ஆகவே இது எங்கள் மொழிக்காரருக்கு மட்டும் என்று கேட்கவில்லை.

வகுப்பில் இலக்கணம் படிப்பித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பதினொரு வருடம் பாடசாலையில் இலக்கணம் படித்தாயிற்று. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தின் ஆங்கிலச் சொற்கள் வேண்டும். நொதியம் என்பதை, உந்தம் என்பதை, தொகையீடு என்பதை ஆங்கிலத்தில் என்ன சொல்கிறார்கள், எப்படி உச்சரிக்கிறார்கள் என்பது வேண்டும். ஓர் ஆங்கில லெக்சரைக் கேட்டுக் குறிப்பெடுத்துப் பழக வேண்டும். அப்புறம் கணினி. என்னுடைய முதல் அசைன்மென்டை நான் ஃபோனில் தட்டி, ஒரு கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கட்டித் திருத்தி எடுத்தேன். கணினியில் ஒரு பக்கம் தட்டச்சு செய்யவும் ஓர் அட்டவணை போடவும் தெரிந்துகொண்டு போனாலே போதும். பாடசாலைக் கணினி அறைகள் வார இறுதியில் பூட்டித்தானே கிடக்கின்றன, வலயக் கல்விப் பணிமனைகளோடு தாங்கள் பேசினால் திறக்கலாம்.

அந்த வகுப்புகள் நடக்கும் ஒரு நாளில், கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலக உத்தியோகத்தர் ஒருவரும் அங்கேயே இருந்து உதவித்தொகைப் படிவங்களைச் சரிபார்த்து அத்தாட்சிப்படுத்தித் தர வேண்டும் என்றும் கேட்கிறோம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல உதவித்தொகை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பேர்சரி உதவித்தொகை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டது எங்கள் வீடுகளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் படிவம் பிழைத்தால் பணமும் தள்ளிப் போகும். என்னுடைய படிவத்தில் தகப்பனாரின் மாத வருமானம் என்று ஒரு கூடு இருந்தது. கார்த்திகை, மார்கழியில் வாடைக் கடல் கொந்தளித்தால் அப்பாவின் வள்ளம் இறங்காது. அந்த மாதங்களில் வருமானமே இல்லை. சம்பளத் துண்டும் இல்லை. அப்பா யோசித்து யோசித்து, நல்ல மாதத்துக் கணக்கை எழுதினார். அது பிழை என்று பிறகுதான் தெரிந்தது. திருத்தி அனுப்புவதற்காக அவர் மூன்று நாள் தொழிலை விட்டு அலைந்தார், அம்மா சங்கிலியை அடகு வைத்தார். விடயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து "ஐயா, வருட வருமானத்தைக் கூட்டிப் பன்னிரண்டால் பிரியுங்கோ" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

அடுத்த வெட்டுப்புள்ளி வெளியானதும் ஏதாவது ஒரு பிரிவிலாவது பரீட்சார்த்தமாக இதைத் தொடங்கித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். தாங்கள் நாள் தந்தால் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம். மூதூர் பிரதேச செயலக மண்டபம் கிடைத்தால் உயிரியல் மாணவர்களுக்கான முதல் வகுப்பை எந்தக் கொடுப்பனவும் இல்லாமல் நானே எடுக்கிறேன். அந்த அக்கா எழுதித் தந்த சொற்பட்டியலையும் என் கொப்பியின் முதல் பக்கத்தையும் பிரதி எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கீழே கையொப்பமிட்டுள்ள பட்டதாரிகளும் மாணவர்களும்,
திருகோணமலை மாவட்டம்.

இணைப்பு: சொற்பட்டியல் பிரதி, கொப்பிப் பக்கத்தின் பிரதி, கையொப்பத் தாள்கள்.
பிரதிகள்: பிரதேச செயலாளர்கள், திருகோணமலை மாவட்டம்.