பிஸ்கட் ரின்னில் இருக்கும் பிஸ்டன்

ஆரையம்பதி
ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் சுகம். அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. படுவான்கரை வயலுக்கு இந்த முறை தண்ணீர் பிந்தித்தான் வந்தது. காணி விஷயம் அப்படியே கிடக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

நீ உன் வீட்டு நிலவறையில் எடுத்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரம் அறுக்கிற மெசின் வாள் பதினொன்று எண்ணினேன். சித்திரையில் மூன்றுதான் இருந்தன. படத்தின் மூலையில், பெற்றோல் கானுக்குப் பக்கத்தில், ஒரு மெத்தையும் தலையணையும் தெரிகின்றன. மேலே நீலப் போர்வை. அம்மா கட்டித் தந்த போர்வை என்றபடியால் அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

மனே, பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம். அது மேலே போகாது, நிலத்தோடு படிந்து நிற்கும். நிலத்தில் மெத்தை போட்டுப் படுப்பவனுக்கு மூக்கு மட்டத்தில் நிற்கும். சுடுதண்ணீர் மெசினும் அந்த நிலவறையில்தான் இருக்கிறது என்று நீயே முன்பு சொன்னாய். அதற்குள் எரிகிற சின்னச் சுவாலை போதும். கானை வெளியே கொட்டிலில் வை. எஞ்சினை உள்ளே வைத்து ஸ்டார்ட் பண்ணாதே, அந்தப் புகையில் வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது. யன்னலைத் திற.

சரி. நீ செய்த வேலையைப் பற்றி எழுதத்தான் பேனையை எடுத்தேன். எஞ்சினை இரண்டாகப் பிளந்து, கவசத்தைச் சூடாக்கி, பெயரிங்கை ஐஸ் பெட்டியில் வைத்துக் குளிரப்பண்ணி, சுத்தியல் படாமல் இறக்கினாய் என்று எழுதியிருந்தாய். அதைச் சந்தியில் கடை வைத்திருக்கிறவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் இன்னும் தட்டித்தான் இறக்குகிறார். சிலிண்டர் சுவரில் ஒட்டிப்போன அலுமினியத்தை அசிட் தொட்டு எடுத்துவிட்டு அதே சிலிண்டரைத் திரும்பப் போட்டாயாம். இங்கே என்றால் சிலிண்டரையே எறிந்திருப்பார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அசிட்டும் அந்த மூடிய அறைக்குள்தானே என்று பிறகு நினைத்தேன், நித்திரை போய்விட்டது.

புளக்கும் காற்று வடியும் மாற்றுகிறவன் ஒரு படி. காபரேட்டரைக் கழற்றி உள்ளே இருக்கிற மெல்லிய தோலை மாற்றி, காது கொடுத்துத் திருகைச் சரி பண்ணுகிறவன் அடுத்த படி. முழு வேகத்தில் சத்தம் கொஞ்சம் தடுமாற வேண்டும், மரத்தில் வைத்துப் பாரம் ஏறியதும் தெளிய வேண்டும். கேட்க இனிமையாக இருக்கிறது என்று திருகை முடுக்குகிறவன் பிஸ்டனைக் காய வைக்கிறான். எஞ்சினைப் பிளக்கிறவன் அதற்கும் மேலே. ஆனால் எனக்கு, எஞ்சினைப் பிளக்கிறவனைவிட வாள் சங்கிலியின் பல்லை ஒழுங்காக அராவுகிறவன்தான் பெரியவன். எல்லாப் பல்லும் ஒரே நீளம், 30 பாகை சரிவு, ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் இருக்கிற மேட்டை அளவுக்கு மேல் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் வாள் எகிறும். அறுக்கும்போது மாவு கொட்டினால் பல் மொட்டை, சீவல் கொட்டினால் கூர். உனக்கு ஒன்பது வயதிலேயே அரம் பிடிக்கத் தெரியும். அரத்தை இழுக்காமல் தள்ள வேண்டும் என்பதை உனக்கு நான் ஒரு தடவைதான் சொன்னேன்.

இவ்வளவு பொறுமை உள்ள பிள்ளைக்கு மாமியின் ஆண்டுத் திவசத்துக்கு ஒரு கோல் எடுக்க நேரம் இல்லாமல் போனது அம்மாவுக்குச் சரியான கவலை. மருமகளுக்கும் அம்மா இரண்டு தரம் எடுத்துப் பார்த்தா. வேலையாக இருந்திருப்பா. படம் மட்டும் வருகிறது, உன் குரல் வருவதில்லை. யன்னலைத் திறந்து வைத்தால் குளிரும் என்று எனக்குத் தெரியும். குளிர்ந்தால் மேலே போய்ப் படு, மகன். அங்கே அறைகள் இருக்கின்றனதானே.

இன்னொன்று எழுத வேண்டும். இருபது வருடமாக எழுதாதது.

2005 தை மாதம், கடல் அடித்துப் போன பிறகு, கல்லடியில் விழுந்த மரங்களை அறுத்து வழி எடுத்தோம். உனக்குப் பதினாலு வயது. பெற்றோலும் ஒயிலும் கலப்பது உன் பொறுப்பு, லீற்றருக்கு 40 மில்லி. மூன்றாம் நாள் வாள் இறுகி நின்றது. நீ ஒயில் விடவில்லை என்று, அத்தனை பேருக்கு முன்னால், நான் உன் கன்னத்தில் அடித்தேன். "விட்டேன் அப்பா" என்று ஒரே ஒரு தரம் சொன்னாய். அதன் பிறகு ஒரு வருடம் நீ அந்த வாளைத் தொடவில்லை.

புதுப் பிஸ்டன் போட்டேன். என் கையாலேயே ஒயில் அளந்து விட்டேன். ஒன்பதாம் நாள் அதுவும் இறுகியது. கல்முனையில் வாள் திருத்துகிற ஒரு நானாவிடம் கொண்டு போனேன். அவர் பிஸ்டனைப் பார்க்கவே இல்லை. ஃபிளைவீலைக் கழற்றி, ஓட்டைகளை றப்பர் துண்டால் அடைத்து, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீரைப் பூசினார். எஞ்சின் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கிற சீலில் நுரை பொங்கியது. சீல் காய்ந்து வெடித்துப்போயிருந்தது. எஞ்சின் அந்த வழியால் களவாகக் காற்று இழுத்திருக்கிறது. காற்றுக் கூடப் பெற்றோல் குறையும், பெற்றோலோடு வருகிற ஒயிலும் குறையும். நீ எத்தனை மில்லி விட்டிருந்தாலும் அது இறுகித்தான் இருக்கும்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது நீ கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாய். சொல்ல வாய் எடுத்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். நீ ஒயில் விட்டாய். நான்தான் பிழை. போனதை மாற்றினேனே தவிர, ஏன் போனது என்று பார்க்கவில்லை. உன்னைக் கேட்கவும் இல்லை.

முதலாவது பிஸ்டன் இன்னும் அலுமாரிக்கு மேலே பிஸ்கட் ரின்னில் இருக்கிறது. நீ பார்த்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பாய், புகை போகிற பக்கம் முழுக்க நெடுங்கீறல். தங்கச்சி தைக்குப் பிறகு அங்கே வரும்போது கொடுத்துவிடவா?

கானை வெளியே வை. எங்களுக்கு விடியும் நேரம் உனக்கு இரவு, எந்த நேரம் என்றாலும் எடு. இப்போது நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். அம்மா போனைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுக்கிறா.

அப்பா