ஜூலையில் வருவதென்றால் கிழக்குக் கடல்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று ஹோட்டல் படங்களையும் பார்த்தேன். பெந்தோட்டை, உனவட்டுன, மிரிஸ்ஸ. மூன்றும் தென்மேற்குக் கரையில் இருக்கும் வடிவான இடங்கள்தான். ஆனால் நீங்கள் வரப்போவது ஜூலை மாதம். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கரையில் நேரே வந்து மோதும். கடல் கலங்கிப் புரளும், சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள். அறை ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டிருந்தாயே, காரணம் இதுதான். அந்த விலைக்கு எடுத்தால் ஏழு நாளும் நீச்சல் தடாகத்துக்குப் பக்கத்தில் இருந்து அலையைப் பார்த்துவிட்டு வரலாம்.

அதே ஜூலையில் நாட்டின் மறுபக்கம் வெயில். காற்று கொண்டுவரும் மழையை மலைநாடு வாங்கிக்கொள்ள, மலையைத் தாண்டி கிழக்குக்கு இறங்குவது காய்ந்த காற்று. அங்கத்தைச் சனம் கச்சான் என்று சொல்வது இதைத்தான். தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரைக்குக் கிட்ட அலையை எழுப்பாது. காலையில் கரையோரம் குளம்போலக் கிடக்கும். மாதத்தைப் பார்த்துக் கரையைத் தெரிந்து, அதற்குப் பிறகுதான் ஹோட்டலைத் தேட வேண்டும். நீ தலைகீழாகத் தொடங்கியிருக்கிறாய். இதே பயணம் பெப்ரவரியில் என்றால் நானே மிரிஸ்ஸவுக்குப் போ என்று சொல்லியிருப்பேன்.

கிழக்கில் அறுகம்குடாவை விடு. அது அலைச்சறுக்குக்காரரின் ஊர், ஜூலையில் நிரம்பி வழியும். மிச்சம் பாசிக்குடாவும் நிலாவெளியும். பாசிக்குடாவில் வெகுதூரம் உள்ளே நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும். சுத்தமாக நீந்தத் தெரியாதவர்களுக்கு அதைவிட நல்ல கடல் நாட்டில் இல்லை. ஆனால் கடலைவிட்டால் அங்கே பொழுதுபோக்கு குறைவு, மூன்றாம் நாள் அலுத்துவிடும். மாப்பிள்ளைத் தம்பி நன்றாக நீந்துவார், உனக்கும் ஓரளவு வரும். நிலாவெளி உங்களுக்குச் சரி. எதிரே மிதந்தபடி பவளப்பாறை பார்க்கப் புறாமலைத் தீவு, தெற்கே பதினைந்து கிலோமீற்றரில் திருகோணமலை நகரம், கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் என்று காலாற நடக்க இடமும் உண்டு.

ஏழு இரவும் ஒரே இடத்தில் இருங்கள். இரண்டு இரவு இங்கே, இரண்டு இரவு அங்கே என்று போட்டால் ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பகல் போய்விடும்: பதினொரு மணிக்கு அறையை விட வேண்டும், அடுத்த அறை இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும், நடுவில் வெயிலில் ஓட்டம். சீகிரியா, கண்டி, நுவரெலியா எல்லாவற்றையும் ஒரே கிழமைக்குள் திணிக்கச் சொல்லி ஆட்கள் சொல்வார்கள். கேட்காதே. அது வேறு பயணம்.

நிலாவெளிக்குப் போகமுன், சொந்தக்காரருக்கென்று முதல் நாலு நாளை ஒதுக்கிவிடு. அதில் ஒரு கணக்கும் இருக்கிறது. உங்கள் கோடைகாலத்தில் ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். முதல் மூன்று இரவும் விடிய மூன்று மணிக்கே முழிப்பு வரும். காசு கட்டிய அறையில் முழித்திருப்பதைவிட எங்கள் வீட்டில் முழித்திருப்பது மலிவு. அந்த நாலு நாளில் எல்லா வீட்டிலும் சாப்பிட்டு முடித்துவிடலாம். "ஒரு பெரிய வான் பிடிச்சால் எல்லாருமாப் போகலாமே" என்று யாராவது தொடங்குவார்கள். அப்போது நீ வாயைத் திறக்க வேண்டாம், அறை இரண்டு பேருக்குத்தான் போட்டிருக்கிறது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். நாங்களும் வரமாட்டோம்.

அறை போடும்போது விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பார். அப்படியென்றால் பத்து வீதச் சேவைக் கட்டணமும் அதன்மேல் 18 வீத வற் வரியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். 100 டொலர் அறை 130 டொலருக்குக் கிட்ட வந்து நிற்கும். காலைச் சாப்பாடு மட்டும் சேர்த்து எடுத்தால் போதும். மூன்று வேளையும் ஹோட்டலில் என்று எடுத்தால், வெளியே நல்ல நண்டுக் கறி கிடைத்தாலும் ஹோட்டல் பஃபேக்குத்தான் திரும்பி ஓட வேண்டிவரும். உள்ளூர்வாசிகளுக்கான விலையில் எங்கள் பெயரில் போட்டுத் தரச் சொல்லி மாமா யோசனை சொல்வார். இரண்டு பேரிடமும் கனடாக் கடவுச்சீட்டு. வரவேற்பு மேசையில் அதைக் கேட்பார்கள், வித்தியாசத்தை அங்கேயே கட்ட வைப்பார்கள். வேண்டாத வேலை. அறை கடல் பக்கமா, தோட்டப் பக்கமா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏசியும் ஓடுமா, வெறும் மின்விசிறி மட்டுமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்திரு.

வீசாவை அரசாங்கத் தளத்தில் மட்டும் எடு. முகவரி 'கவ் டொட் எல்கே' என்று முடிய வேண்டும். அதே தோற்றத்தில் கூடுதல் காசு வாங்கும் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும். கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும்.

கொழும்பிலிருந்து நிலாவெளி ஏறத்தாழ 270 கிலோமீற்றர். குருணாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழி. ஆறு மணித்தியாலம், சாப்பாட்டுக்கு நிறுத்தினால் ஏழு. காலை ஆறு மணிக்கே புறப்பட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ஹபரணைக்கு அப்பால் காட்டு றோட்டு. பொழுது பட்டால் யானை குறுக்கே வரும், இருட்டில் கிட்டப் போகும்வரை தெரியாது. திரும்பும் பயணத்துக்கும் இதே சட்டம். வாகனக்காரரோடு விலை பேசும்போது எரிபொருள், நெடுஞ்சாலைக் கட்டணம், அவருடைய சாப்பாடு, வெறுமனே திரும்பிப் போகும் தூரம் எல்லாம் சேர்த்தா என்று கேட்க வேண்டும். ஏழு நாளும் வாகனத்தை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. கொண்டுபோய் விடவும், திரும்ப ஏற்றவும் மட்டும் போதும். அங்கே ஓட்டோ இருக்கிறது. இரவு ரயிலில் போக ஆசை என்றால் முன்பதிவு 30 நாளுக்கு முன்தான் திறக்கும், படுக்கை இடங்கள் கெதியில் முடிந்துவிடும். விமானத்துக்கு முதல் நாளே கொழும்புக்கு வந்துவிடுங்கள். அதே நாளில் நிலாவெளியிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஓடும் திட்டம் ஒரு டயர் வெடித்தால் போச்சு.

இனிச் சாமான். இரண்டு பெரிய பெட்டியையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு சின்னப் பையோடு போங்கள். வெயில் கிறீமை அங்கிருந்தே வாங்கி வா, இங்கே யானை விலை. எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்: உடம்பு முழுக்க ஒருமுறை பூச ஒரு ஆளுக்கு 30 மில்லி லீற்றர். இரண்டு பேர், நாளுக்கு இரண்டு தடவை, ஏழு நாள் என்றால் 840 மில்லி. முழுக்கை நீச்சல் சட்டையும் முழங்கால் வரை காற்சட்டையும் போட்டால் ஏறத்தாழ பாதியாகிவிடும், 200 மில்லிப் போத்தல் இரண்டு போதும். ஒரு போத்தல் இரண்டு கிழமைக்கும் வந்தது என்று சொல்பவர்கள் பூசியது போதாது. முகம் கீழே பார்க்க மிதக்கும்போது எரிவது முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான். எல்லாரும் மறக்கும் இடம் அது. தண்ணீருக்குள் இறங்க இருபது நிமிடத்துக்கு முன் பூசு. சிங்க் ஒக்சைட் கலந்ததாகப் பார்த்து வாங்கினால் பவளப்பாறைக்கும் கேடு குறைவு.

நீருக்குள் பார்க்கும் கண்ணாடியை வாடகைக்கு எடுக்காமல் ஆளுக்கு ஒன்று சொந்தமாக வாங்குங்கள். கடையில் பட்டியை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுத்துப் பார்க்க வேண்டும். கையை எடுத்தும் விழாமல் ஒட்டி நின்றால் அது உன் முகத்துக்கான அளவு. புதுக் கண்ணாடியின் உட்புறத்தில் தொழிற்சாலையில் படிந்த மெல்லிய படலம் இருக்கும். அதைப் போக்காமல் போனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புகை படியும். பற்பசை கொஞ்சம் விரலில் எடுத்து உள்ளே நன்றாகத் தேய்த்து, சில நிமிடம் விட்டுக் கழுவி, திரும்ப ஒருமுறை செய்ய வேண்டும். இதை வீட்டிலேயே முடித்துவிட்டு வா. தம்பியின் மீசை கொஞ்சம் சிக்கல். சிலிக்கன் விளிம்பு மயிரின் மேல் ஒட்டாது, மூக்குக்குக் கீழே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மீசையில் வஸலின் தடவினால் ஓரளவு நிற்கும். எடுக்கச் சொல்லி நீ சண்டை பிடிக்காதே.

உன் தலைமயிர் உலர்த்தியைக் கொண்டு வராதே. அங்கே 120 வோல்ட், இங்கே 230. போட்ட உடனே புகைந்துவிடும். தொலைபேசிச் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை, மூன்று முள் அடாப்டர் மட்டும் வேண்டும்.

புறாமலைக்குப் போகும் நாளை முதல் இரண்டு நாளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், காற்று ஏறிவிட்டால் இன்னொரு காலை கையில் இருக்கும். 2003 இல் தேசிய பூங்காவாக்கிய இடம். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான், படகில் பத்துப் பதினைந்து நிமிடம். ரிக்கெற், சேவைக் கட்டணம், வரி, படகுக் கூலி என்று நாலு கணக்கு வரும், வெளிநாட்டவருக்கு விலை கூட. படகுக் கூலி ஆளுக்கல்ல, படகுக்கு. இன்னொரு சோடியோடு சேர்ந்தால் பாதி. காலை முதல் படகுகளில் போய்விடுங்கள். ஒன்பது பத்து மணிக்குப் பிறகு சனம் நெருக்கும், மணல் கிளம்பித் தண்ணீர் கலங்கும், கச்சானும் ஏறும். ஓகஸ்டில் பள்ளிக்கூட விடுமுறை வேறு சேர்ந்துவிடும் என்பதால்தான் ஜூலையை விடாதே என்கிறேன். அங்கே கரை முழுவதும் உடைந்த பவளத் துண்டுகள், வெறுங்காலோடு இறங்கினால் வெட்டும். ரப்பர் அடி வைத்த தண்ணீர்ச் சப்பாத்து வேண்டும். பாறைமேல் நிற்கவே கூடாது. களைத்தால் உயிர்காப்புச் சட்டையை நம்பி மிதந்து நில். கறுப்பு முனை வைத்த சின்னச் சுறாக்கள் கீழே போகும், அவை உங்களைப் பார்த்து ஓடுகிற சாதி. சிப்பி, பவளம் ஒன்றும் எடுத்து வராதே, அது சட்டப்படி குற்றம்.

அமைதியான கடலிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. காற்று தரையிலிருந்து கடலுக்கு என்றேன் அல்லவா. காற்றடைத்த மெத்தையில் படுத்துக் கண்ணயர்ந்தால் கால் மணித்தியாலத்தில் எங்கேயோ போயிருப்பாய். கரை தட்டையாக இருப்பதால் தள்ளிப்போவது தெரியாது. மெத்தையே வேண்டாம். தண்ணீர் கடலுக்குள் இழுத்தால் கரையைப் பார்த்து நேரே நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாகக் கொஞ்சத் தூரம் நீந்தி, இழுவை விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். சொறிமுட்டை (ஜெலி மீன்) பட்டால் கடல் தண்ணீராலேயே கழுவு. நல்ல தண்ணீர் ஊற்றினால் ஒட்டியிருக்கும் நஞ்சுப் பைகள் இன்னும் வெடிக்கும். காலையில் கரைவலை இழுக்கும் இடத்தில் குளிக்க இறங்காதே. கடலுக்குள்ளிருந்து மணல் வரை கயிறு விறைத்து நிற்கும், இழுக்கிறவர்களுக்கும் இடைஞ்சல். பக்கத்தில் நின்று பார். வலை ஏறியதும் ஒரு கிலோ சூடை மீன் வாங்கி, விடுதிக் குசினியில் கொடுத்தால் மத்தியானத்துக்குப் பொரித்துத் தருவார்கள்.

பத்து மணியிலிருந்து மூன்றரை வரை நிழலில் இருங்கள். கச்சான் வேர்வையை உடனே காய வைத்துவிடுவதால் உடம்பில் தண்ணீர் குறைவது தெரியாது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புப் பொடியைப் பையில் வை. மலேரியாக் குளிசை வேண்டாம், 2016 இல் உலக சுகாதார அமைப்பே மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்துவிட்டது. டெங்குதான் கவனம். அந்த நுளம்பு பகலில் கடிக்கும், ஆகவே பூசும் மருந்தும் பகலில்தான் வேண்டும். வெயில் கிறீம் முதலில், நுளம்பு மருந்து அதன்மேல். காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும். இபுபுரோபனும் அஸ்பிரினும் வேண்டாம், டெங்கு என்றால் இரத்தக்கசிவைக் கூட்டும். கனடாவுக்குத் திரும்பி இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தாலும் டொக்டரிடம் இலங்கைக்குப் போய் வந்ததைச் சொல்ல வேண்டும்.

கோணேசர் கோயிலுக்கு உனக்கு ஒரு சல்வார், தம்பிக்கு வேட்டி போதும். நீச்சல் உடுப்போடு ஊருக்குள் நடக்காதே, மேலே ஒன்றைப் போட்டுக்கொள். போயா என்ற பௌர்ணமி நாளில் நாடு முழுக்க மதுச்சாலை பூட்டு. நீங்கள் வரும் கிழமைக்குள் பௌர்ணமி விழுகிறதா என்று கலண்டரைப் பார்த்து, தம்பிக்கு முதலே சொல்லிவிடு.

வாகனக்காரருக்கு முற்பணம் கொடுக்க வேண்டும். அதற்கு முன் விமானம் எந்த நாள், எத்தனை மணிக்கு இறங்குகிறது, நிலாவெளி அறைக்குக் காசு கட்டியாகிவிட்டதா என்று ஒரு வரி எழுது. கண்ணாடி வாங்கப் போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போ, அவர் முகத்துக்கு நீ அளவு பார்க்க முடியாது.

அன்புடன்,
அம்மா