முள்வேலிக்குள் ஒரு ஆண்டு மலர்

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் டவர் போய்விடுகிறது. பந்தலூர் மழை தெரியும்தானே? அதனால் கடிதம். அம்மா நலம். உன் அறையில் இப்போது காப்பி மூட்டை அடுக்கியிருக்கிறாள், வந்தால் சண்டை போட்டுக்கொள்.

போர்க் காலத்தில் அமெரிக்கா தன் ஜப்பானிய வம்சாவளி மக்களை அடைத்துவைத்த கலிபோர்னியாவின் மான்சனார் முகாமில் நீ எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண்காணிப்புக் கோபுரம், மரப் பலகை பாராக் கொட்டகை, பின்னால் பனி மூடிய மலை, கடைசியில் அந்த முகாம் உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு மலர்ப் பக்கங்கள். கீழே நீ எழுதியிருந்தாய்: "முள்வேலிக்குள்ளே டான்ஸ், பேண்டு, நாடகம்! இவர்களுக்குக் கோபமே வரவில்லையா அப்பா? இல்லை, எல்லாம் சர்க்கார் விளம்பரமா?" வேலையில் இருந்த காலமெல்லாம் இலக்கிய மன்றம் நடத்தியவனிடம் இதைக் கேட்டுவிட்டாய். சும்மா ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு என்னால் போக முடியவில்லை. கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தேன்.

ஜப்பானோடு போர் நடந்த நேரம். 1942 பிப்ரவரி 19ஆம் தேதி அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு ஆணையில் கையெழுத்துப் போட்டார். அதை வைத்துத்தான் ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீட்டைவிட்டுக் கிளப்பிப் பத்து முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். பெற்றோர் தலைமுறைக்கோ குடியுரிமை கேட்கவே சட்டம் இடம் தரவில்லை. இதைப் படித்தபோது எனக்கு உன் தாத்தா ஞாபகம். இலங்கைத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், அங்கேயே நரைத்தவர். 1948 குடியுரிமைச் சட்டம் வந்ததும் அவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்றாகிவிட்டது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்பதாகச் சொன்ன 5,25,000 பேரில் அவரும் ஒரு தலை. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, அப்புறம் இந்த நீலகிரி மலைக்கு அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு.

ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடாதே. எங்களை யாரும் துப்பாக்கியோடு காவல் காக்கவில்லை, சுற்றிலும் வேலி போடவில்லை. கழுத்தில் குடும்ப எண் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு ரயில் ஏற்றவும் இல்லை. பிடுங்கி நடப்பட்ட பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன தேடும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதைத்தான் எழுத வந்தேன்.

மான்சனாரில் பள்ளி தொடங்கியது 1942 இலையுதிர் காலத்தில். நாற்காலி கிடையாது, மேசை கிடையாது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் புழுதிக் காற்று பலகை இடுக்கு வழியாக வகுப்புக்குள் வந்தது. அந்த டிசம்பர் 6ஆம் தேதி முகாமில் கலவரம், ராணுவம் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். ஒருவனுக்கு வயது 17. பள்ளி மாணவன் வயது! கோபம் வரவில்லையா என்று கேட்டாயே, வந்தது.

அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் செய்தித்தாள் நடத்தினார்கள், கோரஸ் பாடினார்கள், நாடகம் போட்டார்கள், மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள், 'நம் உலகம்' என்று பெயர் வைத்து 1943-44க்கு ஆண்டு மலர் அச்சிட்டார்கள். முகாமில் 'ஜைவ் பாம்பர்ஸ்' என்றொரு நடன இசைக்குழு வேறு. நீ போனதும் நுழைந்தாயே, அந்த அருங்காட்சியகக் கட்டடம், அது எதுவென்று பலகையில் பார்த்தாயா? 1944இல் முகாமில் அடைபட்டவர்களே கட்டிய பள்ளி அரங்கம் அது. பட்டமளிப்பும் நாடகமும் விளையாட்டும் நடந்த கூடம். வேலைக்காரர்களும் அவர்கள்தான், பார்வையாளர்களும் அவர்கள்தான்.

இப்போது என் கதை கொஞ்சம். இங்கே வந்த புதிதில் பள்ளியில் எனக்குப் பெயரே கிடையாது, 'சிலோன்'தான். "ஏய் சிலோன், இங்க வா." என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். வாத்தியார்களில் சிலர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். தமிழ் ஐயா ஒருவர் என் கையெழுத்து நன்றாக இருப்பதைப் பார்த்து, சுவர்ப் பத்திரிகையை எழுதச் சொன்னார். காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு நீல மையில் எழுதுவோம், ஒட்ட மைதாப் பசை. கீழே ஓரத்தில் 'எழுதியவர்' என்று என் பெயர். அதைவிடப் பெரிய விஷயம் அடுத்த வாரம் நடந்தது. என்னை அதிகம் கேலி செய்தவன் ஒரு விடுகதையோடு வந்து நின்றான். "இதப் போடுவியாடா?" என்று கேட்டான். போடுவதா வேண்டாமா என்று முடிவு பண்ணுகிற இடத்தில் நான் இருந்தேன். (போட்டேன். ரொம்ப மட்டமான விடுகதை.)

மன்றம் என்றால் திறமை வளர்ப்பது, ஆளுமை வளர்ப்பது என்று சுற்றறிக்கையில் எழுதுவார்கள். இருக்கட்டும். நான் கண்டது வேறு. ஒரு பிள்ளையிடம் இன்னொரு பிள்ளை ஏதாவது ஒன்றுக்காக வந்து நிற்க வேண்டும். சாவி அவளிடம், பந்து இவனிடம், கணக்கு நோட்டு இன்னொருத்தியிடம் இருக்க வேண்டும். முகாமில் எதை எடுத்தாலும் மேலேயிருந்து முடிவானது. எந்தப் பாராக்கில் படுப்பது, எப்போது மணி அடித்தால் சாப்பாட்டு வரிசையில் நிற்பது என்று எல்லாவற்றையும் வேறு யாரோ தீர்மானித்தார்கள். நேற்றுவரை கடை வைத்திருந்த அப்பாவுக்கும் தோட்டம் வைத்திருந்த அப்பாவுக்கும் தட்டு ஏந்தி நிற்பதுதான் வேலை. அந்த நேரத்தில் சனிக்கிழமை டான்ஸ் எத்தனை மணிக்கு, எந்தப் பாட்டு முதலில் என்று 16 வயதுப் பெண் முடிவு பண்ணுகிறாள் என்றால், அது சின்ன விஷயமா சொல்?

இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுக்க, மெஸ்ஸில் பிள்ளைகள் நண்பர்களோடு தனியாகச் சாப்பிட்டார்கள், வீட்டுச் சாப்பாடு என்பதே போய்விட்டது. பெற்றோர் சொல்லுக்கு இருந்த மரியாதை குறைந்தது. மன்றம், ஒத்திகை, ஆட்டம் என்று பிள்ளைகள் வெளியிலேயே இருந்ததற்கு அந்த நெருக்கடி அறையும் ஒரு காரணம். அந்த அம்மாக்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஆண்டு மலர் அவ்வளவு இனிப்பாக இருந்திருக்காது.

விளம்பரமா என்றால், பாதி ஆமாம். முகாமை நடத்திய நிர்வாகத்துக்குச் சிரிக்கும் முகங்கள் தேவைப்பட்டன. பேர்பெற்ற புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் அங்கே படமெடுத்தபோது கோபுரத்தையும் முள்வேலியையும் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. கையில் கோலைச் சுழற்றிப் பயிற்சி செய்யும் பெண்ணின் படம் அவர் எடுத்ததுதான், நீ அனுப்பியதில் மூன்றாவதோ நான்காவதோ. மீதிப் பாதி டோயோ மியாடாகே. அவரும் உள்ளே அடைபட்டவர்தான். ஜப்பானியர் கையில் கேமராவே இருக்கக் கூடாது என்றபோது லென்ஸை ஒளித்துக் கொண்டுபோய், தச்சரிடம் மரப்பெட்டி செய்யச் சொல்லிப் படமெடுத்தவர். பிறகு அனுமதியும் கிடைத்தது. 1945 ஆண்டு மலருக்கு அவர் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, தேடிப் பார். முள்கம்பியும், அதை வெட்டப்போகும் குறடு பிடித்த கையும். பள்ளி ஆண்டு மலரில்! எங்கள் தலைமையாசிரியர் யாரும் அதை அச்சுக்கு விட்டிருக்க மாட்டார்.

இன்னொன்று. 1943இல் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லோரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. ராணுவத்தில் சேருவாயா, ஜப்பானிய மன்னருக்கான விசுவாசத்தைக் கைவிடுவாயா என்று இரண்டு கேள்விகள். இல்லை, இல்லை என்று எழுதியவர்களை டூலி லேக் முகாமுக்குப் பிரித்து அனுப்பினார்கள். நாடகத்துக்கு வசனம் மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் வயதில் இந்தக் கேள்விக்கும் பதில் எழுதியிருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் குழுப் படங்களை மறுபடி பார்.

ரால்ஃப் லாசோ என்ற பையனைப் பற்றி அங்கே ஏதாவது எழுதியிருந்ததா? மெக்சிகோ, அயர்லாந்து வம்சாவளி. ஜப்பானிய ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. லாஸ் ஏஞ்சலீஸில் கூடப் படித்த நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகிறார்களே என்று தானும் ரயில் ஏறி முகாமுக்குப் போய்விட்டான். அங்கேயே 1944இல் பள்ளியை முடித்தான். வகுப்புத் தலைவனாக அவனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். யார் எங்கே சேர்ந்தவன் என்று ஜெனரல்கள் முடிவு செய்த காலத்தில் ஒரு வகுப்பு தானாக எடுத்த முடிவு அது. எனக்கு இந்தச் செய்தியில்தான் வெகுநேரம் நின்றுவிட்டது மனசு.

வயோமிங்கில் ஹார்ட் மவுன்டன் என்று இன்னொரு முகாம். அங்கே இருந்த சாரணர்களோடு சேர்ந்து முகாமிட வெளியூர்ச் சாரணர்களும் உள்ளே வந்தார்கள். உள்ளே இருந்த நார்மன் மினேட்டாவும் வெளியிலிருந்து வந்த ஆலன் சிம்ப்சனும் ஒரே கூடாரம். மழைத் தண்ணீர் போக வாய்க்கால் வெட்டியவர்கள், தங்களுக்குப் பிடிக்காத ஒரு பையனின் கூடாரத்துப் பக்கமாக அதைத் திருப்பிவிட்டார்களாம். சாரணர் சட்டத்தையே மீறிய செயல், ஆனால் நட்பு அங்கேதான் தொடங்கியது. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மினேட்டா பிரதிநிதிகள் சபையில், சிம்ப்சன் செனட்டில். அரசு மன்னிப்புக் கேட்டு, அடைபட்டவர்களில் உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்த 1988 சட்டத்துக்கு இருவருமே துணை நின்றார்கள். மினேட்டா பத்து வயதில் ரயில் ஏறும்போது கையிலிருந்த பேஸ்பால் மட்டையை, ஆயுதமாகலாம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்களாம். வேறு என்ன சொல்ல.

சரி, உன் வார இறுதித் தமிழ்ப் பள்ளி விஷயம். பிள்ளைகள் நடத்தும் இதழை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தாய். பிள்ளைகள் எழுதித் தருவதில் பிழை மலிந்திருக்கிறது, பெற்றோர் முணுமுணுக்கிறார்கள், தேர்வுக்கு உதவாது என்று. நிறுத்தாதே. ஆனால் இப்போது நடப்பது போலவும் வேண்டாம். நீ அனுப்பிய அச்சான இதழில் ஒரு பிழையும் இல்லை, அதாவது பெரியவர்களாகிய நீங்கள் உட்கார்ந்து திருத்தி எழுதியது. ஆசிரியர் வேலையை ஒரு பிள்ளையிடம் கொடு. சேருகிற காசை இன்னொரு பிள்ளை வைத்துக்கொள்ளட்டும், கணக்குத் தவறினால் அவளே எல்லோர் முன்னாலும் விளக்கட்டும். யாருடைய கட்டுரையைத் தள்ளுவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். உன் தோழியின் மகன் கட்டுரை தள்ளுபடியானால் உனக்கு வரும் போனை மட்டும் நீ எடு, அது உன் வேலை. புதிதாக வந்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யாரென்று கண்டுபிடித்து, மற்றவர்கள் போய்க் கேட்கும்படியான ஒரு பொருளை அவன் கையில் கொடுத்துவிடு. தாள், பிரிண்டர், எதுவானாலும் சரி. 'ழ' வராவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு தடவை அந்தப் பக்கம் போனால் ஆண்டு மலரில் மன்றங்களின் பக்கங்களை மட்டும் தெளிவாக எடுத்து அனுப்பு. செயலாளர், பொருளாளர் பெயர்கள் தெரிய வேண்டும், உன் விரல் மறைக்காமல். தேயிலைத் தூள் இரண்டு கிலோ பார்சல் கட்டியிருக்கிறோம். கூடவே அம்மா நெல்லிக்காய் ஊறுகாய் வைக்கிறாள், சொன்னால் கேட்பதில்லை.

அன்புடன்,
அப்பா