நாய் தானாக ‘விலகியதா’?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பஞ்சாப், அரியானா பக்கத்து வயல்களில் நடக்கும் நாய்ச் சண்டை பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் ஒரு வரி: “சோர்ந்துபோன நாய் களத்தை விட்டு விலகியது.” விலகத் தெரிந்த நாயை அங்கே எவரும் வைத்துக்கொள்வதில்லை என்பது தாங்கள் அறியாததா?

தெருநாய்கள் கடித்துக்கொண்டால் சில நொடியில் ஒன்று வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும். பந்தயத்துக்கு வளர்க்கும் புல்லி குட்டா என்ற இன நாய் அப்படி ஓடாது என்பது அதன் உடம்பைப் பார்த்தாலே தெரியும். தலை, கழுத்து, மார்பு, முன்னங்கால் எங்கும் தழும்பு. ஆறியது, பாதி ஆறியது, நேற்றையது. எதிரிக்குப் பிடி கிடைக்கக்கூடாதென்று காதை ஒட்ட அறுத்திருப்பார்கள். வெளியே கோரைப்பல் இறங்கிய சின்ன ஓட்டைதான் தெரியும். கவ்விய நாய் விடாமல் உதறுவதால் உள்ளே தோல் தசையை விட்டுப் பிரிந்து பை போல ஆகியிருக்கும். எச்சிலும் மயிரும் அதற்குள் தங்கும். சுற்றி மயிரை மழித்து, உப்புநீரைப் பீய்ச்சிக் கழுவி, சீழ் வடிய வழிவிட வேண்டும். மருத்துவரிடம் போனால் மாட்டிக்கொள்வோமே என்று பந்தயக்காரர்கள் தாங்களே காயத்தைத் தைத்து மூடிவிடுகிறார்கள். உள்ளே சீழ் கட்டி, விஷம் இரத்தத்தில் ஏறி நாய் சாகும். தங்கள் நிருபரின் அகராதியில் இதற்குப் பெயர் “விலகுதல்” போலும்.

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொன்னபோதும் இதே கதைதான். இனப் பட்டியலைப் படத்தோடு போட்டீர்கள். அவற்றைச் சண்டைக்கு இறக்கும் மனிதர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்ததே, அதற்காவது இடம் கிடைத்ததா?

நாயின் விலையை மூன்று இடத்தில் சொன்ன கட்டுரை, அபராதத்தையும் சொல்லியிருக்கலாம். 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. ஆமாம், ஐம்பது ரூபாய்தான்.

அந்தச் சட்டத்தையும் காவல்துறை ஒழுங்காகப் போடுவதில்லை. சண்டைக்குத் தூண்டுவது பிரிவு 11(1)(எம்). வழக்கில் அதை மட்டும் எழுதினால் வாரன்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. களம் அமைப்பது, அதை நடத்துவது, இடம் கொடுப்பது, நுழைவுக்குக் காசு வாங்குவது எல்லாம் 11(1)(என்). பிரிவு 31-இன்படி இதற்கு வாரன்ட் வேண்டாம். ஆனால் களம் என்று காட்டத் தடயம் வேண்டும்: ரத்தம் ஊறிய கம்பளம், அடைப்புப் பலகை, எடை பார்த்த தராசு, கவ்விய வாயைப் பிளக்கும் மர ஆப்பு, ஊசி மருந்துக் குப்பி, வசூல் பணம். இவற்றையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு நாய்களை மட்டும் ஒரே வண்டியில் ஏற்றினால், வழக்கும் நிற்காது, வண்டிக்குள்ளேயே இரண்டாம் சுற்றும் நடக்கும். பிடித்த நாயை உரிமையாளரிடமே திருப்பிக் கொடுப்பது அதைவிடக் கொடுமை. வழக்கு முடியும்வரை காப்பகத்தில் வைக்கவும், செலவைக் குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் வாங்கவும் 2017-இலேயே விதி வந்துவிட்டது.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரிக்கு ஒரு திருத்தம். அடுத்த முறை நாயின் விலையை விட்டுவிட்டு, அந்த இடத்தில் 11(1)(என்) என்ற எண்ணையும் காவல்துறையின் 112-ஐயும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
திருச்சி