ஐசியு வாசலில் ஒரு தத்துவக் கேள்வி

ஐயா, உயிர்நீட்டிப்புச் சிகிச்சை பற்றிய தங்கள் தலையங்கம் சட்டத்தோடு நின்றுவிட்டது. கண்ணியமாக இறக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. தன்னால் சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே விருப்ப ஆவணம் எழுதிவைக்கும் நடைமுறையை 2023-இல் எளிதாக்கியது. ஆனால் எது சிகிச்சை, எது வெறும் நீட்டிப்பு என்பதைச் சட்டமோ மருத்துவமோ மட்டும் தீர்த்துவிட முடியாது. அது தத்துவத்தின் கேள்வி.

என் தந்தைக்கு வென்டிலேட்டர் பொருத்தச் சம்மதம் கேட்டு, இரவு இரண்டு மணிக்குப் படிவத்தை நீட்டினார்கள். அண்ணன் பேனாவை என்னிடம் தந்தார். நான் தங்கையிடம் தந்தேன். காபிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்பதுவரை அறிந்திருந்த எங்களுக்கு, அப்பா இதை விரும்புவாரா என்பது தெரியவில்லை. முதியோர் புறநோயாளிப் பிரிவுகளில் அந்த விருப்ப ஆவணத்தைத் தமிழில் வைத்து, குடும்பத்தோடு பேச ஓர் ஆலோசகரையும் அமர்த்தலாம்.

– வாசகர், திருச்சி