மக் ஒன்று காணவில்லை

பந்தலுக்கு வந்தவர்கள், வராமலே உதவியவர்கள் எல்லாருக்கும்,

நேற்று சாயங்காலம் எங்கள் சங்கத்தின் போராட்டப் பந்தலைப் பிரித்துவிட்டோம். யார் யாரை அடித்தார்கள், பேச்சுவார்த்தையில் எதைக் கொடுத்தார்கள், எதை இழுத்தடிக்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்களுக்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் பார்த்தவர்களும் உண்டு. மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. கட்டுப் பிரித்து மூன்று நாள்தான் ஆகிறது, இடது கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயில், சர்ச், பள்ளிவாசல் என்று படியேறிப் பார்க்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னது நான்தான். தோழர்கள் சிரித்தார்கள். “சாமி கும்பிட்டா டிஸ்மிஸ் ஆர்டர் வாபஸ் ஆயிடுமா?” என்றார் ஒருவர். நான் கேட்கச் சொன்னது சாமியிடம் அல்ல. எங்களுக்கு ஊர்தான் பிரச்சினையாக இருந்தது. கடையில் கடன் நின்றுபோனது. வீட்டுக்காரர்கள் ரூமைக் காலி செய்யச் சொன்னார்கள். “நீங்க கொடி புடிச்சா கம்பெனி மூட்டை கட்டிடும், அப்புறம் எங்க புள்ளைங்க எங்க போவும்?” என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். இந்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஊர்க்காரர்கள் நோட்டீஸ் படித்து மனம் மாற மாட்டார்கள். அவர்கள் மதிக்கிற ஒருவர் வாயைத் திறந்து, இந்தப் பிள்ளைகள் ரவுடிகள் இல்லை என்று சொல்ல வேண்டும். நாங்கள் கேட்டது அந்த ஒரு வாக்கியத்தை மட்டும்தான்.

சர்ச்சில் ஃபாதர் காபி கொடுத்தார். மனுவை வாங்கிப் படித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். பார்ப்போம் என்றார். வெளியே வரும்போதுதான் புதுப் பள்ளிக் கட்டடத்தின் கல்வெட்டைக் கவனித்தேன். நன்கொடையாளர் வரிசையில் முதல் பெயர் எங்கள் கம்பெனி.

சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டியபோது பின்னால் ஒரு குரல் கேட்டது. பீடத்தைத் துடைத்து, மணி அடித்து, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிற கோயில்பிள்ளைத் தாத்தா.

“பந்தல்ல பொம்பளப் புள்ளைங்க எத்தினி பேருமா?”

“அறுபது பேர் தாத்தா.”

“எங்க போறீங்க?”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சட்டென்று அழுகை வந்துவிட்டது. அதுவரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எங்கள் சங்கத் தலைவர்களும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் பங்கில் கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் இருட்டுகிற வரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்காகவே பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள். நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக இரண்டு பேர் ஊருக்கே போய்விட்டார்கள்.

தாத்தா இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார். தொலையாமல் இருக்க அதில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்று கட்டியிருந்தது. சர்ச்சின் பின்பக்கம், திருவிழாக் காலத்தில் மட்டும் திறக்கிற கழிப்பறை. மறுநாளிலிருந்து விடியற்காலையிலேயே மோட்டார் போட்டு டிரம்மை நிரப்பி வைத்தார். ஒருநாள்கூடப் பந்தலுக்கு வரவில்லை. எங்கள் கோரிக்கை என்னவென்று கேட்டதும் இல்லை. அவர் எங்களிடம் பேசியதெல்லாம் புகார்தான். பக்கெட்டைக் கவிழ்த்து வைப்பதில்லை, கொசு வருகிறது, குழாயை இறுக்கி மூடுவதில்லை. “ஃபாதருக்குத் தெரியுமா தாத்தா?” என்று ஒருநாள் பயந்துகொண்டே கேட்டேன். “கரண்ட் பில்லு அவரு கைக்குத்தான போவுது” என்றார். ஃபாதர் கடைசிவரை பூசையில் எங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மோட்டாரை நிறுத்தச் சொல்லவும் இல்லை. அவருக்கு இந்தக் கடிதத்தில் நன்றி சொல்வதா வேண்டாமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அந்த ராத்திரி தடியோடு ஆட்கள் வந்தபோது பதினோரு பேர் ஓடி ஒளிந்தது அந்தக் கழிப்பறைக்குள்தான். லைட்டை அணைத்து, ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு நின்றோம். என் கை ஏற்கெனவே உடைந்திருந்தது, அது அப்போது தெரியவில்லை. ஃபினாயில் வாடை மட்டும்தான் நினைவிருக்கிறது. வெளியே படியில் தாத்தா பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “உள்ள ஒருத்தரும் இல்ல, மோட்டார் ரிப்பேரு, அதான் பூட்டியாச்சு” என்று அவர்களிடம் நிதானமாகச் சொன்னது எங்களுக்குக் கேட்டது. பிறகு ஒருநாள், பொய் சொன்னதற்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணினீர்களா என்று கேட்டேன். “இன்னாத்துக்கு?” என்றார்.

மற்றவர்களை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். போலீஸ் பந்தலைப் பிடுங்கிய அன்று கோயில் தகரக் கொட்டகையைத் திறந்துவிட்ட மாரியம்மன் கோயில் பூசாரி அண்ணன், தினமும் கஞ்சி கொண்டுவந்த சன்மார்க்க சங்கத்து அம்மாக்கள், வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை வெள்ளிக்கிழமை பயானில் எடுத்துப் பேசிய ஹஜ்ரத், காசு வாங்காமல் ஸ்டேஷனில் காத்துக் கிடந்த வக்கீல்கள், எலும்பு டாக்டர், எங்களைக் கண்டால் ஸ்டாப்பிங் இல்லாத இடத்திலும் பஸ்ஸை நிறுத்திய டிரைவர்கள், எல்லாருக்கும் கும்பிடு. ஜமாத் செயலாளர் பாய் நோக்கியா செல்போன் ஆலையில் வேலை பார்த்தவர், 2014 நவம்பர் 1-ல் அந்த ஆலை நின்றபோது வெளியே வந்தவர். டீக்கடையில் எழுந்து நின்று, “நோக்கியாவ சங்கமா மூடுச்சு? வரி வழக்குல சொத்த முடக்கினாங்க, மைக்ரோசாஃப்ட் வாங்கும்போது இந்த ஆலைய மட்டும் விட்டுட்டுப் போனாங்க. நான் உள்ள இருந்தவன்” என்று அவர் சொன்ன பிறகுதான் ஊர் கொஞ்சம் இறங்கி வந்தது.

சிரித்த தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பழைய சங்கத்துக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது இது. 1918-ல் பின்னி மில் தொழிலாளிகளைக் கூட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைத்தார்களே, அதற்கு வழிவிட்டது ஒரு பக்தி சபை. பெரம்பூர்ப் பக்கம் செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும் நடத்திய ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை. அங்கே உபந்நியாசம் கேட்க வந்த மில் ஆட்கள்தான் தங்கள் கஷ்டத்தையும் பேச ஆரம்பித்தார்கள். அந்தச் சங்கத்தில் இருந்த திரு.வி.க. சைவர், தலைவராக வந்த வாடியா பிரம்மஞான சபைக்காரர். அதனால் அடுத்த முறை நான் கோயில் படி என்றால் சிரிக்காமல் கேளுங்கள். கழிப்பறை எங்கே என்பதைக் கோரிக்கைப் பட்டியல் எழுதுவதற்கு முன்னால் கேட்கப் போகிறேன், அதற்கும் சிரிக்கக் கூடாது.

வேலை திரும்பக் கிடைத்தவர்களில் நான் இல்லை. என் வழக்கு நடக்கும். ஆனால் இனி மாதத்தின் முதல் ஞாயிறு அந்தக் கழிப்பறையைக் கழுவி டிரம்மை நிரப்புவது எங்கள் லைன் பிள்ளைகளின் வேலை, பேசி முடிவு செய்துவிட்டோம்.

நேற்று சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தாத்தா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நேரே உள்ளே போய்ப் பார்த்தார். பக்கெட் மூன்றும் கவிழ்த்து வைத்திருந்தது. டிரம் மூடியிருந்தது. குழாயை ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். மக் ஒன்று காணவில்லையாம்.

பச்சை நிற மக், பிடியில் கொஞ்சம் விரிசல் விட்டிருக்கும். பந்தல் சாமான்களோடு யாராவது எடுத்துப் போயிருந்தால் தயவுசெய்து கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
லைன் 4 ஆப்பரேட்டர்